சருகுமான் பொம்மை: ஃபெல்ட்டா, மிங்கியா, குரோஷேவா?

அக்கா மகளுக்கு இரண்டரை வயது. சாங் கஞ்சில் என்கிற மலாய் நாட்டுப்புறச் சருகுமானின் படக்கதையை விடாமல் தூக்கிக்கொண்டு திரிகிறாள். முதலைகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணுகிற சாக்கில் அவற்றின் முதுகை மிதித்தே ஆற்றைக் கடக்குமே, அந்தச் சருகுமான்தான். பொம்மை செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் தெருவில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினேன். மூன்று வகையிலும் செய்து பார்த்தாச்சு.

முதலில் ஃபெல்ட், அதாவது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி. வெட்டின ஓரம் பிரியாது, தைத்து முடித்து உள்பக்கத்தை வெளியே புரட்டவும் வேண்டாம், கழுத்தின் வெள்ளைக் கோடுகளைத் தனியே வெட்டி மேலே வைத்துத் தைத்துவிடலாம். பார்வைக்குப் படத்தை ஒட்டி வந்தது இதுதான். ஆனால் மலிவான அக்ரிலிக் ஃபெல்ட் அலமாரிக்குத்தான் லாயக்கு, நாலு நாள் அவள் கையில் புரண்டதும் மேலெல்லாம் உருண்டை கட்டி, தையல் ஓரமாகக் கிழிந்தது.

மிங்கி என்பது குட்டை மயிர் வைத்த மெத்தென்ற துணி, தொட்டால் கையை எடுக்க மனசு வராது. வெட்டும்போது மூக்கெல்லாம் தூசி, மயிர் படியும் திசை மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் கால்தான். சருகுமானுக்கு அழகே கால், இரண்டு கிலோ உடம்பைப் பென்சில் பென்சிலாக நாலு கால் தாங்கும். மிங்கியில் அவ்வளவு ஒல்லியாகத் தைத்தால் புரட்ட முடியவில்லை, சாப்ஸ்டிக்கை விட்டுக் குத்தியதில் ஒரு காலே கிழிந்தது. சரி என்று அகலமாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பார்த்ததும் சொன்னாள்: "சித்தி, ஆடு!"

அப்புறம் குரோஷே, ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னுவது. ஆறு கண்ணியில் தொடங்கி, எண்ணிக்கையைக் கூட்டாமல் சுற்றிக்கொண்டே போனால் விரல் தடிமனில் கால் வந்துவிடும், புரட்டும் வேலையே கிடையாது. கொக்கியை மட்டும் நூல் உறையில் போட்டிருப்பதைவிடச் சிறியதாக எடுங்கள், இல்லையென்றால் கண்ணி வழியே பஞ்சு எட்டிப் பார்க்கும். நிற்பதற்குக் கம்பி வைக்கச் சொன்னாள் ஒரு தோழி. குழந்தை கடிக்கிற பொருளில் கம்பியா! படுத்தே கிடக்கட்டும்.

எதில் செய்தாலும் மூன்று வயதுக்குள் என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலிலேயே தைத்துவிடுங்கள். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை உண்டு, அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியதுதான். உள்ளே அடைக்க அம்மா இலவம் பஞ்சு என்றார். துவைத்தால் கட்டி தட்டும், நம் ஊர் ஈரக்காற்றில் லேசில் காயாது. பாலியெஸ்டர் பஞ்சே போதும்.

வீட்டுக் குழந்தைக்கு என்றால் என் ஓட்டு குரோஷேவுக்கு, மூன்று வாரத் தூக்கம் போனாலும். விற்கிற எண்ணம் இருந்தால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது, மிங்கிக்கே போங்கள். ஆனால் நிற்கிற மாதிரி வரையாதீர்கள், கால்களை மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி வெட்டி, குளம்பை மட்டும் நூலில் காட்டுங்கள்.