வாயைத் திறக்கச் சொல்லாமலே தொண்டைக்கு மருந்து கொடுத்தார்கள்

தொண்டை வலிக்காகப் போன என்னை அந்த மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. டார்ச் மேசையில்தான் இருந்தது, சீட்டுகள் பறக்காமலிருக்க அதை மேலே வைத்திருந்தார்கள். "சாதாரணத் தொண்டை வலிதான்" என்றார். இடுப்பில் ஓர் ஊசி, பெயர் எழுதாத சின்னக் கவரில் மூன்று நாளுக்கு மாத்திரை. இரண்டே நிமிடம்.

எனக்கு இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. 102 டிகிரி காய்ச்சல். தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டாலே வலித்தது. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஆனால் இருமல் இல்லாத காய்ச்சல், நெறி, டான்சிலில் வெள்ளைத் திட்டு எல்லாம் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

ஊசி போட்ட அன்று மாலையே வலி பறந்துவிட்டது. கைராசிக்கார மருத்துவர் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பிறகு போன் போட்டு விடாமல் கேட்டதில்தான் சொன்னார்கள், அது டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. வீக்கத்தையும் வலியையும் அமுக்கும், கிருமியைக் கொல்லாது.

நான்காம் நாள் வலி திரும்பியது, இந்த முறை வலது பக்கம் மட்டும். காதுவரை குத்தியது. வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை, தாடை பூட்டிக்கொண்டது போல இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் கையில் துண்டு வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். போனில் பேசினால், "வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசாதே" என்று அக்கா திட்டினாள். அப்புறம் அவளுக்கே பயம் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் செய்த வேலையே டார்ச் அடித்துப் பார்த்ததுதான். உள்நாக்கு நடுவில் இல்லாமல் இடது பக்கம் தள்ளியிருந்ததைக் கண்ணாடியில் எனக்கும் காட்டினார். டான்சிலுக்குப் பின்னால் சீழ் கோத்து அதைத் தள்ளுகிறதாம். "முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். கவரைக் காட்டினேன், அதில் "காலை, இரவு" என்று மட்டும் இருந்தது. மரத்துப்போக மருந்தடித்து, ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார். நாற்றத்தைப் பற்றி எழுதவில்லை. ஆனால் அடுத்த பத்தாவது நிமிடம் தண்ணீர் விழுங்கினேன், அதை மறக்க மாட்டேன்.

சீழ் கட்டிய பிறகு மாத்திரை மட்டும் போதாது, வடித்தே ஆக வேண்டும் என்றார். ஸ்ட்ரெப் தொற்றுக்கு வழக்கமாகப் பென்சிலின் வகை மருந்தைப் பத்து நாள் கொடுப்பார்களாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும் என்றும் சொன்னார். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வலியோடு ருமாட்டிக் காய்ச்சல் வந்தால், அது இதய வால்வையே கெடுத்துவிடலாம்.

ஆகவே, தொண்டையைப் பார்க்காமல் சீட்டு எழுதினால் "ஒரு தடவை பாருங்களேன்" என்று கேளுங்கள். ஊசியின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் வலித்து வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் வடிந்தாலோ, நாக்குக்கு அடியில் வீங்கினாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். மூச்சு முட்டினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பழைய இடத்தில் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா, இன்னொரு ஊசி போட்டிருந்தால் சரியாகியிருக்குமே" என்றார்கள்.