வட்டமா, சுழல்வழியா?

வட்டக் கட்டடம் எதையும் ஒளித்துவைப்பதில்லை. ரோம் நகரின் பழங்காலக் கோயிலான பாந்தியனில் விட்டம் சுமார் 43 மீட்டர். தரையிலிருந்து குவிமாடத்தின் உச்சித் துளை வரை உயரமும் அதே அளவுதான். துளைக்குக் கண்ணாடி கிடையாது. வெயில் ஒரு வட்டத் திட்டாகச் சுவரில் ஊர்ந்து நகரும். மழை நேரே தரையில் விழும், வடிந்து போகத் தரையில் சிறு துளைகள் உண்டு.

சுழல்வழி என்பது வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒற்றைப் பாதை. அதில் மையம் கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. பிரான்ஸில் சார்த்ர் தேவாலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்த சுழல்வழியின் விட்டம் ஏறக்குறைய 13 மீட்டர். குறுக்கே நடந்தால் பத்து எட்டில் நடுவுக்குப் போய்விடலாம். பாதை வழியே போனால் 250 மீட்டருக்கு மேல். கிளைகளே இல்லாததால் வழி தவறவும் முடியாது (கிளை பிரிந்து வழி தவறவைக்கும் புதிர்ப்பாதையோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்). தொடக்கத்திலேயே மையத்தருகே கூட்டிப்போய், பிறகு ஓரத்துக்குத் துரத்திவிடும் அதன் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

ஒரே பரப்பைச் சூழ மிகக் குறைந்த நீளச் சுவர் போதும் என்பது வட்டத்தின் லாபம். ஆனால் நேரான அலமாரியை வளைந்த சுவரோடு ஒட்டிப் போட்டுப் பாருங்கள்: பின்னால் தூசி சேர ஓர் இடுக்கு. சுழல்வழியோ இடத்தைத் தின்னும், அவசரக்காரரைக் கடுப்பேற்றும்.

1959இல் திறந்த நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் இரண்டையும் கலந்ததுபோல் வட்ட நடுவெளியைச் சுருள் சாய்தளத்தால் சுற்றினார். நடப்பதற்கு அருமை, படம் மாட்டத்தான் தொல்லை.

கூடிப் பேசும் இடத்துக்கு வட்டத்தையே தேர்ந்தெடுப்பேன். தோட்டத்துக்கும் நினைவிடத்துக்கும் சுழல்வழி. மருத்துவமனைக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம்.