ரிச்சி தெரு ஓபிடி டாங்கிள்: காசு தேறுவது மோட் 06இல்தான்

சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிளைப் பற்றித்தான் சொல்கிறேன், காரில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் வண்டிக் கம்ப்யூட்டர் சொல்வதை போன் செயலியில் காட்டும் சின்னக் கருவி. மேலே ஈஎல்எம்327 என்று ஒரிஜினல் சிப்பின் பெயர் போட்டிருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் நகல் சிப். வாங்குகிற பலர் எரர் கோடைப் பார்த்து அழித்துவிட்டு டாங்கிளை டேஷ்போர்டில் போட்டு மறந்துவிடுகிறார்கள். அதற்கு மட்டும் என்றால் தண்டச் செலவு.

வண்டி ஓடும்போதே அதன் கம்ப்யூட்டர் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்), ஆக்சிஜன் சென்சார், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கும். வந்த அளவு எவ்வளவு, எதுவரை போகலாம் என்பதெல்லாம் செயலியில் மோட் 06 என்ற பக்கத்தில் இருக்கும். பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தோற்றால்தான் செக் இன்ஜின் லைட்டே எரியும், இங்கே அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

என் பெட்ரோல் வண்டி ஏசி போட்டு வடபழனி சிக்னலில் நின்றால் மிஸ் அடித்தது, ஆனால் லைட் எரியவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் பண்ணிவிட்டு "கோடே இல்ல சார், இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிப் பாப்போம்" என்றார்கள். பாப்போம், சரி, யார் காசில்? மோட் 06இல் ஏ3 வரியில் மட்டும் எண்ணிக்கை ஏறிக் கிடந்தது, மற்றதெல்லாம் பூஜ்யம். ஏ2தான் முதல் சிலிண்டர், ஆக ஏ3 இரண்டாவது. அதன் இக்னிஷன் காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு அண்ணா நகர் வரை ஓட்டினேன், எண்ணிக்கை ஏ4க்குத் தாவியது. காயில்தான் போயிருக்கிறது, ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வரி வரும், ஒன்று முந்தைய பத்து ஓட்டங்களின் சராசரி, இன்னொன்று இந்த ஓட்டத்தின் கணக்கு. மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது இரண்டாவதைத்தான் பார்க்கணும்.

செயலி பச்சையில் 'பாஸ்' என்று காட்டினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பல வண்டிகளில் மிஸ்ஃபயருக்கு மேல் எல்லையே 65535, அதனால் எப்போதும் பாஸ்தான். சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். அப்புறம், பார்ப்பதற்கு முன் கோடை அழித்துவிட்டால் இந்த முடிவுகளும் கூடவே போய்விடும்.

கேன் (வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிதாக உதவாது, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த வகை ப்ளூடூத் பெரும்பாலும் ஐபோனோடும் சேராது. வண்டியை ரொம்ப நாள் நிறுத்துவதானால் டாங்கிளைக் கழற்றி வையுங்கள், சாவியை எடுத்தாலும் அது பேட்டரியை இழுத்துக்கொண்டே இருக்கும்.