மென்பந்துக் கையோடு போனேன்: ஹட்டன் பக்கத்துப் பந்துவீச்சு வகுப்பில் பத்து சனிக்கிழமை

நான் இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறேன். பெரும்பாலும் இரவு வேலை. பதினாறு வயதிலிருந்து, பதினான்கு வருடமாக எங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு) அணிக்கு மென்பந்து கிரிக்கெட் ஆடுகிறேன். வேகமாகப் போடுகிறவன் என்று பக்கத்துத் தோட்டங்களிலும் பேர் உண்டு. போன தீபாவளிக்கு எங்கள் பையன்கள் முதல் தடவையாகக் கடினப்பந்து, அதாவது லெதர் பந்துப் போட்டிக்குப் பேர் கொடுத்தார்கள். நான் போட்ட 4 ஓவரில் 51 ஓட்டம் போனது. 9 வைட், துடுப்புக்கு எட்டாமல் விலகிப் போன பந்துகள். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது ஓவரில் கையிலிருந்து நழுவிய ஒரு பந்து தரையில் படாமல் நேரே போய் எதிரணிப் பையனின் தோளில் அடித்தது. துடுப்பைப் போட்டுவிட்டு, தோளைப் பிடித்தபடி அவன் உட்கார்ந்தது இரண்டு நாள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பந்து எங்கே போகும் என்று எனக்கே தெரியாமல் இன்னொருத்தன் மேல் போடுவது தப்பு என்று பட்டது.

அப்போதுதான் ஹட்டனுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை காலையில் பந்துவீச்சுக்கு மட்டும் ஒரு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். நடத்துகிறவர் கொழும்பில் கழக கிரிக்கெட் ஆடி, பிறகு ஊரோடு வந்துவிட்ட ஒரு சேர். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரு கொங்கிரீட் தளம், அதன் மேல் தும்பு விரிப்பு, சுற்றி ஒரு வலை. அவ்வளவுதான் இடம். ஒரு நாளைக்கு 750 ரூபாய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 300. ஜனவரியிலிருந்து பத்து சனிக்கிழமை போனேன். 7,500 ரூபாய் என்பது என் சம்பளத்தில் சின்னக் காசு இல்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு பந்துகூடப் போட விடவில்லை. ஒரு லெதர் பந்தைக் கையில் கொடுத்து, "எப்படிப் பிடிக்கிற, காட்டு தம்பி" என்றார். நான் மென்பந்தைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கைக்குள் புதைத்துப் பிடித்தேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பந்தை வாங்கி, தையலுக்கு இரண்டு பக்கமும் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, அடியில் கட்டைவிரலின் ஓரத்தைத் தையல் மேலேயே நிறுத்தி, மோதிரவிரலை மடித்துப் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்தார். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். அதுதான் அடையாளம்.

அப்புறம் எடையைப் பற்றிச் சொன்னார். நாங்கள் மென்பந்து என்று ஆடுகிற டென்னிஸ் பந்து 58 கிராம் அளவில்தான் இருக்கும். ஆண்கள் ஆடும் கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. ஏறத்தாழ மூன்று மடங்கு. லேசான பந்தைச் சாட்டை சொடுக்குகிற மாதிரி முழங்கையாலும் தோளாலும் வீசிப் பழகிய கைக்கு, இந்தக் கனம் வந்ததும் கணக்கு பிசகிவிடும். கையைப் பந்து இழுத்துக்கொண்டு போகும். எனக்கு நடந்தது அதுதான் என்று அந்த நிமிடமே புரிந்தது.

இரண்டாவது வாரம் போனில் மெதுவாக ஓடுகிற வீடியோ எடுத்துக் காட்டினார். நான் இத்தனை வருடம் என் வலது கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றம் இடது கையில் இருந்தது. பந்து போடுவதற்கு முன்பே இடது கை பக்கவாட்டில் விழுந்துவிடுகிறது. அது விழுந்ததும் நெஞ்சு திறக்கிறது, தலை இடப்பக்கம் சாய்கிறது, வலது கை காதை ஒட்டி மேலே வராமல் சுற்றிக்கொண்டு வருகிறது. பந்து லெக் பக்கம், துடுப்பாடுகிறவனின் கால் பக்கம், போகாமல் என்ன செய்யும்? 9 வைட்டுக்கும் காரணம் அந்த ஒரு வீடியோவில் இருந்தது.

"தோட்டத்துக் கோயில்ல மணி அடிச்சிருக்கியா தம்பி?"

"அடிச்சிருக்கேன் சேர்."

"கயித்த எங்க இழுப்ப? பக்கத்துலயா? உன் காலடிக்குத்தானே. அந்த மாதிரி இடது கைய மேல நீட்டி, நேரா கீழ இழு. வலது கை தானா மேல வரும்."

நான் சின்ன வயதில் எங்கள் மாரியம்மன் கோயில் மணிக்குத் தொங்கியவன். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இடது கை நேரே இறங்கி இடுப்புப் பக்கம் வருகிறது, அதே வேகத்தில் வலது தோள் முன்னால் போகிறது. பந்தை விட்ட பிறகு வலது கை குறுக்கே வந்து இடது காற்சட்டைப் பையைத் தொட வேண்டும். பாதியில் நிறுத்தினால் தோள்தான் அந்த வேகத்தைத் தாங்க வேண்டிவரும் என்றார். இதற்கு ஒரு பயிற்சியும் கொடுத்தார். சுவரை வலப்பக்கம் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, பந்தில்லாமல் கையை முழு வட்டமாகச் சுற்ற வேண்டும். கை நேரே போனால் சுவரில் படாது, சுற்றிக்கொண்டு வந்தால் புறங்கை உரசும். எனக்கு முதல் வாரம் இரண்டு விரல் மொழியில் தோல் போனது. மூன்றாவது வாரத்திலிருந்து உரசவில்லை. லயத்து வீட்டுச் சுவரிலேயே தினமும் ஐம்பது தடவை செய்தேன்.

இந்த வகுப்பில் கொடுத்த காசுக்கு மேல் எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு நிறப் பந்துதான். பாதி சிவப்பு, பாதி வெள்ளை, நடுவில் தையல். வலது முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, பத்து மீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு மணிக்கட்டாலும் விரலாலும் மட்டும் போட வேண்டும். ஓடி வருகிற வேகம் இல்லாததால் விரல் செய்கிற தப்பு ஒளிந்துகொள்ள இடமில்லை. தையல் நிமிர்ந்து, பந்து பின்பக்கமாகச் சுழன்று போனால் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை என்று கத்தியால் வெட்டின மாதிரி தெரியும். தையல் தள்ளாடினால் இரண்டும் கலந்து ரோஸ் நிறமாகிவிடும். நான் போட்டதெல்லாம் ரோஸ்தான்.

மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், கடைசியில் இரண்டு விரலும் ஒன்றாகப் பந்தின் முதுகை வழித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். என்னுடைய ஆட்காட்டி விரல் ஒரு கணம் முந்தி விலகிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு முந்தல். ஸ்டோரில் வாடிய கொழுந்தை அள்ளி அழுத்திப் பார்த்துத்தான் பதம் சொல்வோம், இயந்திரம் சொல்லாததை விரல் சொல்லும். அந்த நினைப்போடு கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். எந்த விரல் கடைசியாகப் பந்தை விடுகிறது என்பதை மட்டும் கவனித்தேன். ஆறாவது சனிக்கிழமை காலை எதிரில் இருந்த பையன், "அண்ணே, ரெண்டா பிரிஞ்சு வருது!" என்று கத்தினான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தையல் நிமிர்ந்து நிற்பது அழகுக்காக இல்லை. தையலைக் கொஞ்சம் ஸ்லிப் பக்கம் (விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், ஓஃப் பக்கம் நிற்கிறவர் இருக்கிற திசை) சாய்த்து விட்டால், அந்தப் பக்கத்துக் காற்றைத் தையல் கலைத்துவிடுகிறது. கலைந்த காற்று பந்தை அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போகும், மழமழப்பான பக்கத்தில் காற்று முன்னாலேயே விலகிவிடும். அதனால்தான் பந்து தையல் காட்டுகிற பக்கம் திரும்புகிறது. தையல் தள்ளாடினால் இந்த வேலை எதுவும் நடக்காது. பத்தாம் வகுப்புப் பையன்களுக்கும் விளங்குகிற மாதிரி சேர் இதை ஒரு மட்டப்பலகையும் சோக்கும் வைத்துச் சொன்னார்.

பந்தை விடும் இடத்தைப் பற்றியும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முந்தி விட்டால் பந்து மேலே போகும், தரையில் படாமல் ஆளை அடிப்பதும் இதில்தான். பிந்தி விட்டால் பாதித் தளத்திலேயே குத்தும். வலைக்குள் குறுக்கே ஒரு கயிறு கட்டி, எல்லாப் பந்தும் அதன் கீழே போக வேண்டும் என்றார். அந்தப் பையனின் தோளை நினைத்துக்கொண்டு இதை நான் மற்ற எதையும் விட அதிகமாகச் செய்தேன்.

வகுப்புக்கு வருகிற ஒரு பதிமூன்று வயதுப் பையனின் முழங்கை மடங்கும். போட்டியில் யாரோ, பந்தை வீசாமல் விதிக்கு மாறாக எறிகிறான் என்று சொல்லி அவனை அழவைத்திருக்கிறார்கள். சேர் அவனைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, கை மடங்கியிருப்பது குற்றமில்லை, விடும்போது அது 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால்தான் குற்றம் என்று அவன் அப்பாவிடமே விளக்கினார். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன், கண்டியில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் மிதவேகம் போட்டுக்கொண்டிருந்தவர், 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். அந்தப் பையனுக்கு இதை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சேர் சொன்னார். அந்தக் காலையில்தான் எனக்கு அவர் மேல் முழு மரியாதை வந்தது.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. ஒரே வலைக்குப் பதினான்கு பேர். உங்கள் முறை வர நேரமாகும். தும்பு விரிப்பு ஒரு மூலையில் கிழிந்து, காலை வைக்கிற இடத்திலேயே சுருள்கிறது. ஒருவர் விழுந்து எழுந்த பிறகும் அதை ஆணி அடித்துத்தான் சமாளித்தார்கள். சுழற்பந்து போடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை, இரண்டு பேர் நான்காவது வாரத்தோடு நின்றுவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். உடை மாற்ற ஓர் அறை இல்லை, அவர்களுக்கேற்ற எடை குறைந்த பந்தும் இல்லை. இது எனக்கு மனவருத்தம். இதைச் சேரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், பந்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று தோள். மலைநாட்டுக் குளிரில் காலை ஆறரைக்கு ஐந்து நிமிடம் மட்டும் உடம்பைச் சூடாக்கிவிட்டுப் பந்தைக் கையில் கொடுப்பது போதாது. இரண்டாவது வாரம் எனக்குத் தோள் வலித்தது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் முன்னதாகவே போய், கம்பத்தில் ரப்பர் பட்டி கட்டி இழுத்து, மைதானத்தை மூன்று சுற்று ஓடி, அப்புறம்தான் பந்தைத் தொட்டேன். வலி திரும்பி வரவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு அதே அணியோடு ஆட்டம். 4 ஓவர், 23 ஓட்டம், 1 விக்கெட், 2 வைட். இரண்டு வைட்டும் கடைசி ஓவரில் வந்தவை. களைத்தால் இடது கை இன்னும் விழுகிறது. தோளில் அடிபட்ட பையன் மூன்றாவதாக வந்தான். முதல் பந்து ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி விலகிப் போனது, விட்டுவிட்டான். அடுத்ததைக் கவர் பக்கம் தள்ளி ஓர் ஓட்டம் எடுத்து, என் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா விழுதுண்ணே" என்றான்.

மென்பந்தில் கை பழகி, கடினப்பந்துக்கு வருகிற வேகப்பந்து வீச்சாளர் யாரானாலும் ஒரு பத்து வாரம் போங்கள் என்றுதான் சொல்வேன். சுழற்பந்து என்றால் இப்போதைக்கு வேண்டாம். மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் மழை விடாது, பாதி வகுப்பு நின்றுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் சரியான காலம். சொந்தப் பந்து ஒன்றும் ரப்பர் பட்டி ஒன்றும் கொண்டுபோங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால் வலையில் முதல் முறை கிடைக்கும்.