சட்டை உரிக்கும் குட்டிப் பாம்பு: ஈரப்பெட்டியா, தெளிப்பானா, தண்ணீர்க் குளியலா?

குட்டிப் பாம்பின் கண் ஒரு நாள் காலையில் பால் கலந்த நீலமாகிவிடும். மேல்தோல் மங்கி, வயிற்றுப்புறம் லேசாகச் சிவந்து தெரியும். பழைய தோலுக்கும் அடியில் வளர்ந்திருக்கும் புதுத் தோலுக்கும் நடுவே திரவம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது. அந்த மங்கல் இதனால்தான். இரண்டு முதல் நான்கு நாளில் கண் மறுபடி தெளியும். உரித்துவிட்டதோ என்று அப்போது சட்டையைத் தேட வேண்டாம், அது கழல இன்னும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். வளரும் குட்டிக்கு நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சுற்று வரும்.

இந்த நாட்களில் ஈரத்தை எப்படிக் கொடுப்பது? தென்னாப்பிரிக்காவில் பாம்பு வளர்ப்பவர்களிடம் மூன்று வழிகள் புழங்குகின்றன: ஈரப்பாசி நிரப்பிய சிறு டப்பாவான ஈரப்பெட்டி, தெளிப்பான், தண்ணீர்க் குளியல். எது சரி என்பது பாதி பாம்பையும் பாதி ஊரையும் பொறுத்தது. டர்பன் கடலோர ஊர். கோடையில் அதன் புறநகரான சட்ஸ்வர்த் வீடுகளில் சுவரே வியர்க்கும். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதன் புறநகரான லெனேசியாவில் வறண்ட காற்றில் நம் உதடே வெடிக்கும்போது பாம்பின் தோல் மட்டும் தப்புமா? அமெரிக்காவிலிருந்து வந்த கார்ன் ஸ்நேக் (corn snake) என்ற வளர்ப்புப் பாம்புக்குச் சாதாரண நாளில் 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும், உரிக்கும் நேரத்தில் 65, 70 வரை போகலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) வகைக்கு இரண்டிலும் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதல் வேண்டும். மூடியில் ஒட்டும் ஈரமானி மேலே இருக்கும் காற்றைத்தான் அளக்கும். பாம்பு கிடக்கும் தரை மட்டத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

தெளிப்பான் சுலபமானது, அதனாலேயே அதிகம் கெடுக்கிறது. லெனேசியாவின் குளிர்காலத்தில் வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டிக்குள் காலையில் தெளித்தால், ஈரம் ஒன்றிரண்டு மணி நேரம் ஏறி மறுபடி விழும். அதைவிட மூடியின் முக்கால் பாகத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, பெரிய தண்ணீர்க் கிண்ணம் வைப்பது மேல். டர்பனிலோ நிலைமை தலைகீழ். காற்றோட்டம் குறைந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தினமும் தெளித்தால் தரை காயவே காயாது. வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, கொப்புளம் கட்டும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் நுரையீரல் நோய். மூச்சில் கிறீச்சென்ற சத்தம், வாயோரம் நுரை, வாயைத் திறந்தே வைத்திருப்பது எல்லாம் அதன் அறிகுறி. டர்பன் கோடையில் தெளிப்பானைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர்க் குளியலைச் சட்டை ஒட்டிக்கொண்ட பிறகு செய்யும் வைத்தியமாக வைத்துக்கொள்ளலாம். கண் நீலமாக இருக்கும்போதே தூக்கிப் போட்டால், பார்வை மங்கிய குட்டி மிரண்டு போகும். அடியில் புதுத் தோலும் தயாராகியிருக்காது. தேவைப்பட்டால், காற்றுத் துளை போட்ட மூடி டப்பாவில் 28 முதல் 30 டிகிரித் தண்ணீர், குட்டியின் உடல் தடிமனுக்கு மேல் போகாத ஆழம், பதினைந்து நிமிடம். பக்கத்திலேயே இருக்க வேண்டும், களைத்த குட்டி அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கும். இதைவிட நனைத்துப் பிழிந்த துவாலையை டப்பாவில் சுருட்டி வைத்து, அதன் மடிப்புக்குள் இருபது நிமிடம் ஊர விடுவது நல்லது. ஈரமும் உரசலும் ஒன்றாகக் கிடைக்கும், மூழ்கும் பயமும் இல்லை. (புற்றுக்குப் பால் ஊற்றிய பழக்கத்தில் வீட்டுப் பெரியவர்கள் கிண்ணத்தில் பால் வைக்கச் சொல்வார்கள். பாம்புக்குத் தண்ணீர் மட்டும்தான்.) தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், தரைத் தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஓட்டு ஈரப்பெட்டிக்கு. தொட்டி முழுவதும் காய்ந்திருக்க, ஒரு மூலை மட்டும் ஈரம்; எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது என்பதைப் பாம்பே முடிவு செய்கிறது. மற்ற இரண்டிலும் அந்த முடிவு நம் கையில் இருக்கிறது, நாம்தான் தவறு செய்கிறோம். குட்டிக்கு 500 கிராம் மார்ஜரின் டப்பா போதும். வளர்ந்ததற்கு இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. பக்கவாட்டில், அடியிலிருந்து சற்று உயரத்தில், மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குத் துளை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேயுங்கள். வெட்டிய பிளாஸ்டிக்கின் பிசிறு புதுத் தோலைக் கீறிவிடும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியைப் பத்து நிமிடம் ஊறவைத்து, சொட்டு நிற்கும்வரை பிழிந்து, பாதிக்கு மேல் நிரப்புங்கள். பாசி கிடைக்காவிட்டால் டிஷ்யூ பேப்பரும் ஆகும், ஆனால் ஒரே நாளில் காய்ந்துவிடும். டப்பாவின் பாதி, தொட்டியைச் சூடாக்கும் மின்சார வெப்பப் பாயின் மேல், பாதி வெளியே. முழுதும் பாயின் மேல் வைத்தால் பாசி காய்வதோடு உள்ளே அவியும். பாய், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில்தான் ஓட வேண்டும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை பாசியை மாற்றாவிட்டால், குறிப்பாக டர்பனில், பூஞ்சை பிடிக்கும். ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் மின்வெட்டு நீண்டு பாய் குளிர்ந்துபோனால், மின்சாரம் திரும்பும்வரை ஈரப்பெட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் கரடான கல்லோ மரப்பட்டையோ ஒன்று உள்ளே இருக்கட்டும். பாம்பு அதில் மூக்கைத் தேய்த்து உதட்டோரத்தில் தோலைக் கிளப்பும். பிறகு காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே திரும்பி வரும். கண் நீலமானதிலிருந்து சட்டை கழலும்வரை கையில் எடுக்காதீர்கள், எலிக்குஞ்சும் கொடுக்காதீர்கள். தின்றதைக் கக்கினால் குட்டி வெகுவாக இளைத்துப்போகும்.

சட்டை கழன்றதும் அது காய்வதற்குள் தலைப்பகுதியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இரண்டு இடத்திலும் கண்ணாடிபோல் குமிழ்ந்த சிறு மூடி தெரிய வேண்டும். வெறும் ஓட்டை தெரிந்தால் அந்த மூடி பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது. இடுக்கியாலோ செலோடேப்பாலோ பிடுங்கினால் கண்ணே போகும். அடுத்த உரிப்புக்கு ஈரப்பெட்டியைத் தயாராக வையுங்கள். அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் வழி. வால் நுனியிலோ தாமதம் கூடாது. வளையமாக நிற்கும் தோல் காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து உதிரும். ஈரத்துவாலையில் இருபது நிமிடம் வைத்தபின், நனைத்த பஞ்சுக்குச்சியால் நுனியை நோக்கி மெதுவாக உருட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.