வாசலில் பிரித்துக் கொடுத்த குப்பை எங்கே போகிறது? வீடுதோறும் குப்பை சேகரிக்கும் சேவை: மூன்று ஆண்டு அனுபவம்

சேலம் மாவட்டத்து நகராட்சிகளில் ஒன்றில், முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரு தெருவில் குடியிருக்கிறேன். வீட்டு வாசலுக்கே வந்து குப்பையைப் பெற்றுச் செல்லும் நகராட்சியின் சேவையை மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் மதிப்புரை எழுதும் நாம், வரி கட்டிப் பெறுகிற இத்தகைய சேவைகளைப் பற்றி எழுதுவது குறைவு என்பதால் இதை எழுதத் தோன்றியது. ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் வாசல். காலை ஆறே முக்காலுக்கும் ஏழே காலுக்கும் இடையில் விசில் சத்தம் கேட்கும்; பேட்டரி வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது என்று பொருள். வண்டியில் மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டிகள், மக்காத குப்பைக்கு நீலத் தொட்டிகள், ஓரத்தில் கண்ணாடிச் சில்லுகளுக்கு ஒரு சாக்குப்பை. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, வாளியை வாங்கியதும் அப்படியே கவிழ்ப்பதில்லை. ஒருமுறை கிளறிப் பார்ப்பார். காய்கறித் தோலுக்கு நடுவே ஷாம்பு பொட்டலம் கிடந்தால் எடுத்து நம் கையிலேயே கொடுத்துவிடுவார். அதில் கடுமை சிறிதும் இருக்காது. மாம்பழக் காலத்தில் ஒரு நாள், "மாங்கொட்டையத் தனிப் பையில போட்டு வைங்க சார், உரத்துல அது மட்டும் மக்கவே மாட்டேங்குது" என்றார். சேலத்து வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் வாளியில் பாதி மாங்கொட்டையும் தோலுமாகத்தான் இருக்கும். தோல் சில வாரங்களில் மண்ணாகிவிடுகிறது, கொட்டை மாதக்கணக்கில் கிடக்கிறது என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் எனக்குச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் மாங்கொட்டைக்கென்று ஒரு பழைய அரிசிப் பை தொங்குகிறது.

இவ்வளவு கவனமாக வாங்கிச் செல்லும் குப்பை எங்கே போகிறது என்று பார்க்க விரும்பி, அனுமதி பெற்று, குப்பையை உரமாக்கும் இடமான வளம் மீட்பு பூங்காவுக்குச் சென்றேன். ஊர் எல்லையில், தகரக் கூரை வேய்ந்த இரண்டு கொட்டகைகள். ஒன்றில் மக்கும் குப்பையை நீளக் குவியல்களாகக் கொட்டி, சாணக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிப் போடுகிறார்கள். குவியலின் மேற்பகுதியைச் சற்று விலக்கியபோது உள்ளிருந்து ஆவி எழுந்தது. அரை அடி ஆழத்தில் கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடு. நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அந்தச் சூடுதான் அடையாளம் என்றும், குவியல் ஆறிப்போனால் காற்றோ ஈரமோ குறைந்துவிட்டதாகப் பொருள் என்றும் மேற்பார்வையாளர் விளக்கினார். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் அது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனைக்கு வந்துவிடுகிறது. பிறகு சல்லடை. சல்லடைக்கு அருகில் இரண்டு பெண்கள் தரையில் அமர்ந்து, உரத்திலிருந்து எதையோ விரல் நுனியால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். எல்லாம் பால் பாக்கெட்டின் முனைகள். காலையில் கத்தரிக்கோலால் வெட்டி எறிகிறோமே, அந்த முக்கோணத் துண்டுகள். நகத்தளவே இருப்பதால் சல்லடைக் கண்ணில் சிக்காமல் உரத்தோடு சேர்ந்து விழுகின்றன; வயலுக்குப் போனால் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் கையால்தான் எடுத்தாக வேண்டும்.

வாசலும் கொட்டகையும் இப்படி இருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டிதான் இச்சேவையின் பலவீனம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் பகுதிக்கான பேட்டரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி நின்றன. அவற்றுக்குப் பதிலாக ஒரு டிராக்டர் வந்தது. அதன் பெட்டியில் தடுப்பு கிடையாது. பச்சை வாளியும் நீல வாளியும் ஒரே பெட்டியில் கவிழ்ந்தன. இருபத்து மூன்று நாட்கள் இது நீடித்தது. அந்த நாட்களில் சேர்ந்த கலப்புக் குப்பை கொட்டகைக்குப் போகாமல் நேராகக் குப்பைக் கிடங்குக்குப் போனது. காற்றுப் புகாமல் மட்கும் குப்பை மேட்டில் மீத்தேன் உண்டாகிறது. கோடையில் தீப்பிடிப்பதற்கும் அதுவே துணையாகிறது. சேலம் மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்கில் குவிந்த செட்டிச்சாவடிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு, ஒரு குப்பை மேடு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

அந்த இருபத்து மூன்று நாட்களைவிட என்னை வருத்தியது அதன் பின்விளைவு. "எல்லாத்தையும் ஒண்ணாத்தான கொட்டறாங்க, நாம எதுக்குப் பிரிக்கணும்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வண்டிகள் பழுது நீங்கித் திரும்பிய பிறகும் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பிரித்துக் கொடுப்பதை நிறுத்தியிருந்தன. மாதக்கணக்கில் பேசிப் பேசி உண்டாக்கிய பழக்கத்தை மூன்றே வாரங்களில் இழந்தோம். அலுவலகத்தில் இருமுறை எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். உதிரிபாகம் வரவில்லை என்ற பதிலே கிடைத்தது.

பலன் கிடைத்தது, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபையில். தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை மன்ற உறுப்பினர்களே இல்லை. தனி அலுவலர்கள்தாம் நிர்வகித்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட ஒரு முகம் இல்லாத அந்த ஐந்து ஆண்டுகளை நினைத்தால், 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தையொட்டி முதன்முறையாகக் கூட்டப்பட்ட பகுதி சபைகளின் அருமை புரியும். டிராக்டர் விவகாரத்துக்குப் பின் எங்கள் பகுதியில் நடந்த கூட்டத்துக்குப் பதினெட்டுப் பேர்தான் வந்திருந்தோம். கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டி, டிராக்டர் பெட்டிக்கு நடுவில் ஒரு தடுப்புப் பலகை அடித்தால் போதும் என்றேன். வார்டு உறுப்பினர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் பலகை வந்துவிட்டது. மாற்று பேட்டரி கையிருப்பில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சொத்து வரிச் சீராய்வில் 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25 சதவீதமும் 601 முதல் 1200 சதுர அடி வரை 50 சதவீதமும் உயர்ந்தது. எங்கள் வீடு இரண்டாம் வகை. அரையாண்டின் முதல் முப்பது நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கிறது. நான் அப்படித்தான் கட்டுகிறேன். சேவை சரியாக நடக்குமானால் இந்தத் தொகையில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்த அக்காவின் கையுறையில் இரண்டு விரல்கள் கிழிந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டு வரி ரசீதை மடித்து வைக்க மனம் ஒப்பவில்லை. ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை செய்பவர் என்பதால் கையுறையை யார் தருவது என்ற கேள்வி அலுவலகத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கிறது. ஊரில் உள்ள திருமண மண்டபங்களையும் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்குவோர் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. முகூர்த்த நாட்களின் மறுநாள் காலையில் வாழை இலையும் தண்ணீர் பாட்டிலும் கலந்த மூட்டைகள் வீட்டுக் குப்பை வண்டியில்தான் ஏறுகின்றன. அன்று எங்கள் தெருவுக்கு வண்டி வர ஒன்பது மணியாகிறது.

மதிப்பெண் தருவதானால் வாசல் சேகரிப்புக்கு ஐந்துக்கு ஐந்து. உரக் கொட்டகைக்கு நான்கு. வண்டிப் பராமரிப்புக்கு இரண்டுக்கு மேல் தர இயலாது. உரம் வாங்க விரும்புவோர் நேரில் சென்று, சலித்து முடித்த குவியலிலிருந்து கேட்டு வாங்குவது நல்லது. எங்கள் மாடித் தோட்டத்துக் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் அதையே இடுகிறேன். வெளியில் உரம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

புதிதாக இச்சேவையைப் பயன்படுத்துவோர் நாப்கின், டயப்பர் போன்றவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பால் பாக்கெட்டை வெட்டும்போது முனையை முழுவதும் துண்டிக்காமல், ஓர் ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். முனை பாக்கெட்டோடு சேர்ந்தே நீலத் தொட்டிக்குப் போய்விடும்.