லேப்ரடாரா, நாட்டுக் குட்டியா?

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியை எடுப்பதா, காசு கொடுத்து லேப்ரடார் வாங்குவதா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. குட்டியின் விலை ஒரு தடவைதான். தட்டு தினமும் காலியாகும். வளர்ந்த லேப் சுமார் 30 கிலோ, நாட்டு நாய் பெரும்பாலும் 20க்குள். சாப்பாடு மட்டுமல்ல, பூச்சி மாத்திரையும் எடைக்கு ஏற்றபடிதான். புதுச்சேரிப் புழுக்கத்தில் லேபின் இரட்டை அடுக்கு முடி வேறு. குளிப்பாட்டி ஈரம் போகத் துவட்டாவிட்டால் காதில் புண், அப்புறம் மருந்து. மதியம் முழுக்க அதற்கென்று ஃபேன் ஓடும்.

தடுப்பூசியில் வித்தியாசமே இல்லை: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு பூஸ்டர், 3 மாதத்தில் ரேபிஸ். தெருக்குட்டிக்கு உண்ணி மருந்துக்காக முதல் மாதம் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சரி, நாங்கள் நாட்டுக் குட்டியையே எடுத்தோம். பட்ஜெட்டில் போடாத ஒரே செலவு, வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பு.